வெயிலில் நிற்கும் காரில் டைமர் காற்றோட்டம்: பேட்டரி இறங்காமல் பயன்படுத்துவது எப்படி?

நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். உங்களுக்குத் தரமணியில் வேலை. காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை வண்டி கூரை இல்லாத பார்க்கிங்கில் நிற்கிறது. வீடு வேளச்சேரி, ஐந்து கிலோமீட்டர் கூட வராது. வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜெர்மன் டீசல் செடான். நிறுத்தி வைத்த வண்டிக்குள் தானாகக் காற்று ஓட இரண்டு நேரம் குறித்து வைக்கலாம் என்று அதன் திரையில் பார்த்து, மதியம் 12:30க்கு ஒன்று, மாலை 5:30க்கு ஒன்று வைத்தீர்கள். தினமும் வீட்டுக்குப் போகிற வழியில் சிக்னலில் நிற்கும்போது மறுநாளுக்கு இரண்டையும் ஆன் செய்துவிடுவீர்கள். மூன்று வாரம் பிரச்சினை இல்லை. இந்தத் திங்கட்கிழமை காலை ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். பேட்டரியை மாற்ற வேண்டுமா, இந்த வசதியையே மறந்துவிட வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

வசதியை மறக்க வேண்டாம். பேட்டரியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் போன சனிக்கிழமையைப் பாருங்கள். வெள்ளி மாலையும் வழக்கம்போல இரண்டையும் ஆன் செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வண்டியை எடுக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக, அப்பார்ட்மெண்டின் கீழே நிழலில், யாரும் ஏறப்போகாத வண்டிக்குள் மதியம் அரை மணி, மாலை அரை மணி ஃபேன் ஓடியிருக்கிறது. இந்த வகை வண்டிகளில் ஒருமுறை ஆன் செய்தால் அடுத்த 24 மணி நேரத்துக்குத்தான் அது செல்லும். அதற்கப்புறம் நாம் மறுபடி ஆன் செய்தால்தான் உண்டு. அந்தக் கட்டுப்பாடு இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை தப்பித்தது.

ஆனால் சனிக்கிழமை மட்டும் காரணம் இல்லை. மூன்று வாரமாகவே செலவு வரவை மீறிக்கொண்டிருந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

வடபழனியில் இருபது வருடத்துக்கு மேலாக ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். உங்களைப் போலவே ஒருவர் இதே புகாரோடு வந்தபோது அவர் வண்டியில் அளந்து பார்த்தேன். அந்த வண்டியில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. டிக்கியைத் திறந்து வைத்து, பூட்டின் கொக்கியை மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் தட்டி மூடினால், டிக்கி மூடியிருக்கிறது என்று வண்டி நம்பிவிடும். உள் விளக்கு அணையும். சாவியை வண்டியிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளில் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிக் காத்திருந்தோம். முதலில் சில ஆம்பியர் ஓடியது. வண்டிக்குள் இருக்கும் கண்ட்ரோல் யூனிட்டுகள், அதாவது குட்டிக் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றாகத் தூங்கத் தூங்க எண் படிப்படியாக இறங்கி, இருபது நிமிடத்துக்கு மேல் ஆன பிறகு 0.03 ஆம்பியரில் நின்றது. அது நல்ல எண். டைமர் நேரம் வந்ததும் ஒரு ரிலே சத்தம், மீட்டர் ஒரே தாவாக மேலே போய், ஃபேன் வேகம் பிடித்ததும் 10 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அதில் ஃபேன் தின்றது போக, தூக்கத்திலிருந்து எழுந்த கம்ப்யூட்டர்கள் தின்றதும் சேர்ந்திருக்கிறது.

10 ஆம்பியர் அரை மணி நேரம் ஓடினால் 5 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு). வண்டி தூங்கும்போது ஒரு நாள் முழுவதும் எடுப்பது சுமார் முக்கால் ஏஎச்தான். ஒரு தடவை காற்று ஓட்டுவது, வண்டியை ஒரு வாரம் சும்மா நிறுத்தி வைப்பதற்குச் சமம். நீங்கள் தினமும் இரண்டு தடவை ஓட்டினீர்கள், அதாவது 10 ஏஎச்.

இப்போது வரவு. ஸ்டார்ட் ஆன வண்டியில் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்நேட்டர் 100 ஆம்பியருக்கு மேல் தரும் என்று லேபிள் சொல்லும். அது எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றும்போது. விஜயநகர் சந்திப்பில் ஐடிலில் நிற்கும்போது அதில் பாதி கிடைத்தாலே அதிகம். ஏசி ப்ளோயர், ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம்தான் பேட்டரிக்கு. பேட்டரியும் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளாது. நிரம்ப நிரம்ப அது வாங்கும் கரண்ட் குறைந்துகொண்டே வரும், கடைசி ஐந்தில் ஒரு பங்கு நிரம்ப மணிக்கணக்காகும். போதாததற்கு, இந்தக் காலத்து ஜெர்மன் வண்டிகள் டீசலை மிச்சம் பிடிக்க, ஆக்சிலரேட்டரை விடும்போதும் பிரேக் போடும்போதும்தான் அதிகமாகச் சார்ஜ் ஏற்றும். மற்ற நேரம் பேட்டரியை முழுதாக நிரப்பாமலே வைத்திருக்கும். உங்கள் இருபது நிமிட ஓட்டத்தில் 3 ஏஎச் உள்ளே போயிருந்தால் பெரிய விஷயம். காலையும் மாலையும் சேர்த்து 6. செலவு 10, வரவு 6. அதற்கு முந்தைய வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் வரை போய் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நீண்ட ஓட்டம்தான் வண்டியை இத்தனை நாள் காப்பாற்றியது. இந்த வாரம் அதுவும் இல்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். பேட்டரி குறைந்தால் வண்டியே காற்றோட்டத்தை நிறுத்திவிடாதா? நிறுத்தும். ஆனால் அந்தப் பாதுகாப்பு பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறது என்ற கணக்கில் வைத்தது. வயதான பேட்டரி 10 ஆம்பியர் கேட்டால் முகம் கோணாமல் கொடுக்கும், வோல்டேஜும் நன்றாகவே தெரியும். ஸ்டார்ட்டர் மோட்டார் டீசல் எஞ்சினைச் சுற்ற 200, 300 ஆம்பியர் கேட்கும்போதுதான் படுத்துவிடும். ஸ்டார்ட் செய்ய ஆகும் மொத்தச் செலவு கால் ஏஎச் கூட இருக்காது. அந்த இரண்டு மூன்று நொடி பலம்தான் இல்லாமல் போகிறது.

சரி, இந்தக் காற்றோட்டம் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்தால், எப்போது ஓட்டலாம் என்பதும் தெளிவாகிவிடும். இதில் ஏசி கம்ப்ரஸர் ஓடாது. எஞ்சின் நிற்கிறது, கம்ப்ரஸரைச் சுற்ற ஆள் இல்லை. வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளி, வெந்த காற்றை டிக்கி பக்கத்து ஓட்டைகள் வழியாக வெளியே அனுப்புகிறது, அவ்வளவுதான். வெளியே 38 டிகிரி என்றால் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் உள்ளே 38க்குக் கீழே போகாது. 55லிருந்து 43, 44க்கு வந்தாலே அது தன் வேலையைச் செய்துவிட்டது.

அதுவும் பெரும்பாலும் முதல் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நடந்துவிடுகிறது. ஒரு செடானுக்குள் இருக்கும் காற்று சுமார் மூன்று கன மீட்டர். நடுத்தர வேகத்தில் ஓடும் ஃபேன் அதை ஓரிரு நிமிடத்தில் ஒருமுறை மாற்றிவிடும். மீதி நேரம் அது போராடுவது சீட்டிலும் டேஷ்போர்டிலும் ஊறிப்போன சூட்டோடு. அந்தச் சூடு எவ்வளவு என்பதற்கு, அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018ல் வெளியிட்ட அளவு ஒன்று இருக்கிறது. கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களில் உள்காற்று சராசரியாக 47 டிகிரி, ஸ்டியரிங் 53, டேஷ்போர்டு 69. நிழலில் நின்ற வண்டிகளில் டேஷ்போர்டு 48 மட்டுமே. காற்றுக்கும் டேஷ்போர்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 69 டிகிரியில் கொதிக்கும் பிளாஸ்டிக்கை இந்தச் சின்ன ஃபேன் ஆற்றிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முன் கண்ணாடிக்கு உள்ளே விரிக்கும் வெள்ளி நிறச் சன் ஷேட், வெயில் டேஷ்போர்டில் விழுவதற்கு முன்பே தடுத்துவிடுகிறது. பேட்டரியிலிருந்து ஒரு சொட்டு கூட எடுக்காது. அதைப் போடாமல் டைமரை மட்டும் நம்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை.

ஆகவே உங்கள் 12:30 டைமரை இன்றே எடுத்துவிடுங்கள். நீங்கள் சாப்பிடக் கேன்டீனுக்கு நடந்துதான் போகிறீர்கள். அந்த அரை மணிக் காற்று நின்ற கால் மணி நேரத்தில் வண்டி மறுபடி பழைய சூட்டுக்குப் போய்விடுகிறது. சித்திரை வைகாசியில் அந்த நேரத்தில் உள்ளே வருவதே அனல் காற்றுதான். மாலை டைமர் அப்படியில்லை. சென்னையில் பெரும்பாலான நாட்களில் மதியத்துக்கு மேல் கடற்காற்று புகுந்துவிடும். தரமணி வரை அது நன்றாகவே வரும். அஞ்சே முக்கால் மணிக்கு வெளியே 33, 34 டிகிரிதான் இருக்கும், ஆனால் மூடிய வண்டிக்குள் மேற்கு வெயில் பட்டு இன்னும் 45க்கு மேல் இருக்கும். வெளிக்கும் உள்ளுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது ஃபேனுக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ஆம்பியருக்கும் பலன் கிடைக்கும். கடற்காற்று வராமல் மேற்குக் காற்றே அடிக்கும் நாட்களில் இந்த ஆதாயம் குறைவு. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதே, அப்படிப்பட்ட நாளில் வெளிக்காற்றை உள்ளே விட்டு என்ன பயன்?

மாலை டைமரை 5:30க்கு வைக்காமல் 5:45க்கு வையுங்கள். டைமர் முழுதாக ஓடினால் அரை மணி. நீங்கள் 6 மணிக்கு வந்து வண்டியை எடுத்துவிட்டால் பேட்டரியிலிருந்து போவது கால் மணிச் செலவுதான், 2.5 ஏஎச். கிடைக்கும் ஆறுதலோ கிட்டத்தட்ட அரை மணி ஓட்டிய அளவு. அந்தச் செலவை உங்கள் ஐந்து கிலோமீட்டர் ஓட்டமே திருப்பிக் கொடுத்துவிடும். மீட்டிங் இழுக்கும் என்று தெரிந்த நாளில் ஆன் செய்யவே வேண்டாம். அப்புறம், முந்தின நாள் சிக்னலில் ஆன் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காலையில் ஆபீஸ் பார்க்கிங்கில் எஞ்சினை அணைப்பதற்கு முன் ஆன் செய்யுங்கள். அப்போது வெள்ளிக்கிழமை போட்டது சனிக்கிழமை ஓடும் பேச்சே வராது. ஒருமுறை காற்று ஓட்டிவிட்டு, வண்டியை ஓட்டாமலே இன்னொரு முறை ஓட்டக்கூடாது என்பதையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிஎம்டபிள்யூ வண்டிகளில் இந்த வசதி வெகு காலமாக இருக்கிறது. 2007 முதல் நம் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியிலேயே பாகங்களைப் பூட்டி அந்த வண்டிகளைத் தயாரிக்கிறார்கள். ஆனாலும் வருடக்கணக்காக ஓட்டுகிறவர்கள் கூட மெனுவில் அந்த வரியைத் திறந்து பார்த்ததில்லை. பார்த்தவர்களும் வென்ட்டுகளை மூடி வைத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். டேஷ்போர்டு வென்ட்டுகள் திறந்து, மேல் பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். கார் கவர் போட்டிருந்தால் டைமரை ஆன் செய்யாதீர்கள், காற்று போக வர வழியில்லை. வேப்ப மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் பானெட்டைத் தூக்கி, கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று நுழையும் பள்ளத்தைப் பாருங்கள். போன வருடம் ஒரு வண்டியின் ஏசி ஃபில்டரை உருவினேன், வேப்பம்பூ மெத்தை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. ஃபேன் சத்தம் கேட்கும், பேட்டரி செலவாகும், காற்று மட்டும் வராது. மழைக்காலத்தில் இந்த வசதிக்கு வேலையே இல்லை. ஈரக்காற்றை உள்ளே அடைத்துக் கண்ணாடியில் பனி படிய வைப்பதுதான் மிச்சம்.

இன்னொரு வழி உங்கள் சாவியிலேயே இருக்கிறது. பல ஜெர்மன் வண்டிகளில் திறக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நாலு கண்ணாடியும் இறங்கும். பார்க்கிங்குக்குள் நடந்து வரும்போதே இறக்கிவிடுங்கள். நாலு மோட்டார் சில நொடி ஓடுவது பேட்டரிக்கு ஒரு கணக்கே இல்லை. பிறகு ஒரு பக்கக் கண்ணாடி இறங்கியிருக்க, எதிர்ப் பக்கக் கதவை ஐந்தாறு முறை திறந்து மூடுங்கள், விசிறி வீசுகிற மாதிரி. கொதிக்கிற காற்று அந்த ஜன்னல் வழியாக வெளியேறுவது முகத்தில் தெரியும். கண்ணாடி இறக்கியபடியே முதல் ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு, அப்புறம் ஏற்றி ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வையுங்கள். டைமர் இல்லாத வண்டிக்காரர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான்.

வெயிலிலேயே ஓடும் ஃபேன் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் கூரையில் சோலார் பலகை வைத்து இந்த வேலையைச் செய்தார்கள், நல்ல யோசனை. ஆனால் கண்ணாடிக்குள் வைக்கும் 10 வாட் சோலார் பலகை ஒரு நாளில் தருவது ஒன்றிரண்டு ஏஎச்தான். தூங்கும் வண்டியின் செலவை அது ஈடுகட்டும், ப்ளோயரை ஓட்டாது. டேஷ் கேமராவை பார்க்கிங் மோடில் விட்டிருந்தால் அது மட்டுமே ஒரு நாளைக்கு 5 ஏஎச் வரை தின்னும், அதையும் கவனியுங்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. ஆப்பிலிருந்து ஏசியையே போடலாம், அது பெரிய பேட்டரியிலிருந்து ஓடும், கால் மணி நேரத்துக்குப் போவது இரண்டு மூன்று கிலோமீட்டர் ரேஞ்ச். பெட்ரோல், டீசல் வண்டியில் ஆப்பிலிருந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏசி போடுகிற வசதி இருந்தால், மூடிய பேஸ்மெண்டில் அதைச் செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடு சேரும், மணமே இருக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. காற்றோட்டம் ஓடுகிறதே என்று குழந்தையையோ, தூங்கும் பெரியவரையோ, நாயையோ ஐந்து நிமிடம்கூட உள்ளே விட்டுப் போகாதீர்கள். அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சியாளர்கள் 2005ல் வெளியிட்ட அளவுகளில், மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சுமார் 22 டிகிரி ஏறியது, அதில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணியிலேயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய மாற்றம் இல்லை. அந்த டைமர் எந்த நொடியிலும் பேட்டரியைப் பார்த்துத் தானாக நின்றுவிடும். உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது.

இனி உங்கள் பேட்டரி. ஜம்ப் ஸ்டார்ட் செய்து ஆபீஸ் போய்விட்டீர்கள் என்றாலும் அது இன்னும் பாதி காலியாகத்தான் இருக்கிறது. அரைகுறையாகக் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும். இன்று இரவே ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி இழை மெத்தையில் ஊற வைத்த பேட்டரி வகை) மோட் உள்ள ஒரு ஸ்மார்ட் சார்ஜரை, 5 அல்லது 10 ஆம்பியர், இரவு முழுக்கப் போடுங்கள். பேட்டரி டிக்கியில் இருந்தாலும், பானெட்டுக்குள் ஜம்ப் ஸ்டார்ட்டுக்கென்று கொடுத்திருக்கும் முனைகளில்தான் மாட்ட வேண்டும். சிவப்பு பாசிட்டிவ் முனையில், கறுப்பு அதற்குரிய பாடி முனையில். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே கறுப்பை மாட்டினால், அங்கே இருக்கும் சென்சார் உள்ளே போகும் சார்ஜைக் கணக்கில் எடுக்காது.

சார்ஜரை எடுத்துவிட்டு வண்டியைப் பூட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் அதே முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். 12.6க்கு மேல் காட்டினால் நல்லது, 12.2 என்றால் சுமார் பாதிதான். பிறகு மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி இன்னும் உழைக்கும். ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற்றியும் 9.5க்குக் கீழே விழுந்தால் மாற்றுங்கள். வெப்பம்தான் பேட்டரிக்கு எமன். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பொதுக் கணக்கு. சென்னையில் நாலு வருடம் உழைத்த பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. மாற்றினால் அதே அளவு ஏஜிஎம் பேட்டரியே போட்டு, புதுப் பேட்டரி போட்டதை ஸ்கேனர் வைத்து வண்டியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற மாதிரியே இதற்கும் ஏற்றிக்கொண்டிருக்கும்.

அந்த இரண்டு எண்ணையும், இரவு விட்டபின் காட்டியது, சுற்றும்போது விழுந்தது, எழுதி அனுப்புங்கள். அக்னி நட்சத்திரம் மே 4ல் தொடங்குகிறது, அதற்குள் பார்த்துவிடலாம்.